வளவு மரம் பலகையாகும் வழி: கல்முனைக் கரையோரத்தின் மரத்தேவை பற்றி ஓர் ஆய்வு

அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் ஒடுங்கிய மணல் நிலம். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இடையிலுள்ள துண்டில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்களும், பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்களும் மதிலோடு மதில் உரசி நிற்கின்றன. காடென்று சொல்ல இங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் கதவு நிலைக்கும் கட்டிலுக்கும், மருதமுனைத் தறிக்கும், கரைவலைத் தோணிக்கும், இறைச்சிக்கடைக் கட்டைக்கும், மையவாடியில் கபுறுக்கு வைக்கும் பலகைக்கும் மரம் வேண்டியிருக்கிறது.

அதேவேளை இந்த ஊர்களின் வளவுகளில் மரம் விழாத மாதமில்லை. வீடு கட்ட ஒன்று, மதில் கட்ட ஒன்று, மின்கம்பிக்கு இடைஞ்சலென்று ஒன்று, மாரிக்காற்றில் தானாகச் சாய்ந்தது ஒன்று. இவற்றில் நல்ல பகுதி விறகாகவோ பேக்கரிப் போறணைக்கோ செங்கல் சூளைக்கோ போகிறது. வளவில் வேம்பை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு, மரக்காலையில் கூடிய விலைக்குப் பலகை வாங்கும் குடும்பங்கள் உண்டு. இது ஏன் நடக்கிறது? வரலாறு, சட்டம், வாள், காய்ச்சல் என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால், மரத்தின் பெறுமதி பெரும்பாலும் வெட்டிய நாளுக்கும் ஓடாவியின் கைக்கு வரும் நாளுக்கும் இடையிலேயே தொலைகிறது என்பது தெரியும்.

காடு எட்டத்தில் போன கதை

கிழக்கு மாகாணக் காடுகளின் மரத்துக்கு ஒரு காலத்தில் கடல் கடந்த பெயர் இருந்தது. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சாவண்டலை மரம் 'திருகோணமலை மரம்' என்ற பெயரிலேயே சென்னைக்குப் போய், அலை மோதும் கரையில் ஓடிய மசூலாப் படகுகளுக்குப் பலகையானது. முதிரையின் பெருமையைச் சொல்ல ஒரு பாலம் போதும். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளத்தில் ஒரே வளைவாகக் கட்டப்பட்ட முதிரைப் பாலம் 1905 வரை நின்றது. பாலையும் வீரையும் தூணுக்கும் வளைக்கும், கருங்காலி உலக்கைக்கும் தளபாடத்துக்கும் என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை இருந்தது.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. இங்கினியாகலையில் அணை எழுந்து சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தது. குடியேற்றத்துக்கும் கரும்புக்கும் நெல்லுக்குமாகப் பரந்த காடு வெட்டித் துப்புரவாக்கப்பட்டது. அந்தத் தலைமுறைக்கு மரம் மேற்கிலிருந்து வரும் பொருள். காடு ஒதுங்க ஒதுங்க வண்டில் போன தூரத்துக்கு லொறி போகவேண்டியதாயிற்று. பின்னர் போர்க்காலம் காட்டுப் பாதைகளை அடைத்தது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதையே அரசு நாடு முழுவதும் நிறுத்தியது.

அதன்பின் நாட்டுக்கு மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு 1995ஆம் ஆண்டின் வனத்துறைப் பெருந்திட்டம் விடை தந்தது. வாளுக்குப் போகும் குற்றிகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வீட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தன. அரச காட்டைவிட மக்களின் வளவே பெரிய மரக்களஞ்சியம் என்பதை இந்தக் கணக்கு காட்டிற்று. மீதி இடத்தைத் தேக்குத் தோட்டங்களும், இறப்பர் மரமும், மலேசியாவிலிருந்து வரும் கெம்பஸ் போன்ற இறக்குமதி மரங்களும், அலுமினியமும் இரும்பும் பிடித்துக்கொண்டன. கரையோரத்தில் ஆலைக்குப் போகும் உள்ளூர் மரமென்றால் இன்று அது வளவு மரம்தான்.

மகளுக்கு வீடு

இந்த வளவு மரத்தின் வாழ்வும் சாவும் ஒரு வழக்கத்தோடு பிணைந்தவை. கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவின் மறுமூலையில் இளையவளுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடிமுறையை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்.

மரத்தின் கண்ணால் பார்த்தால் இதன் பொருள் வேறு. ஒவ்வொரு மகளின் கலியாணமும் வளவைப் பங்குபோடுகிறது; பங்கு விழும் இடத்தில் நிற்கும் மாவோ பலாவோ விழுகிறது. அதே மாதம் அதே வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிலைகளும் கதவுகளும் தேவைப்படுகின்றன. மரமும் தேவையும் ஒரே வளவுக்குள் ஒரே நேரத்தில் கூடுகின்றன. ஆனால் வெட்டிய மரம் காய மாதங்கள் வேண்டும். கலியாணத் தேதி அதற்குக் காத்திருக்காது. வளவு மரம் விறகாவதன் முதற்காரணம் இந்தக் கால இடைவெளி.

2004 டிசம்பர் 26இன் சுனாமி இதை வேறோர் அளவில் காட்டிற்று. நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேல், இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் கடலோர வீதிகள் துடைத்தெடுக்கப்பட்டன. மீள்கட்டுமானத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே தறுவாயில் கூரைமரமும் நிலையும் தேவைப்பட்டபோது, அடுக்கிக் காயவைத்த மரம் ஊருக்குள் இல்லை. பச்சை மரத்தில் செய்த நிலை காய்ந்தபின் கதவு பொருந்தாது; பூட்டு நாக்கு இலக்கில் விழாது.

என் காணி, என் மரம்: சட்டம் சொல்வது

சொந்த வளவில் நிற்கும் மரமென்றாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை முதலியவற்றைத் தறிக்க அனுமதி பெறவேண்டும். பஞ்சகாலத்தில் சோறு போடும் மரங்கள் என்பதே இதற்கான நியாயம். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிப்பது வழமை.

வெட்டுவது ஒன்று, ஏற்றுவது இன்னொன்று. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டமும் 2009ஆம் ஆண்டின் 65ஆம் இலக்கத் திருத்தமும் மரப் போக்குவரத்தையும் மர ஆலைகளையும் வனத் திணைக்களத்தின் கண்காணிப்பில் வைத்திருக்கின்றன. குற்றியை வீதியில் கொண்டுபோகப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும்; சில இனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே வெட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. 2019இல் அரசு செயின் சோ வைத்திருப்போர் அனைவரையும் பதிவுசெய்யச் சொன்னதும் இந்த வரிசையில் வந்ததுதான்.

இந்த விதிகள் காட்டைக் காக்க எழுதப்பட்டவை. முதிரைக் குற்றிகள் இரவோடிரவாகக் கடத்தப்படும் நாட்டில் அவற்றின் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வளவில் காற்றுக்கு விழுந்த மாமரக்காரருக்கும் அதே வரிசையே. கடதாசி கைக்கு வருமுன் பால் நிறைந்த குற்றி வெயிலில் வெடித்துவிடும், அல்லது மழையில் நீலம் பாய்ந்துவிடும். அலைச்சலுக்குப் பயந்து அங்கேயே துண்டுபோட்டு விறகாக்குகிறவரைக் குறைசொல்ல முடியாது. விழுந்த வளவு மரத்துக்கென்று ஒரு குறுகிய வழி, அதாவது கிராம உத்தியோகத்தர் நேரில் பார்த்துச் சில நாட்களில் முடிக்கக்கூடிய நடைமுறை, காட்டுக்கு எந்தக் கேடும் செய்யாது.

சாய்ப்பது

கரையோர வளவில் மரம் வெட்டுவது காட்டில் வெட்டுவதுபோலல்ல. பின்வளவில் நிற்கும் ஒரு மாமரத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் குசினிக் கூரை, வலப்பக்கம் அடுத்த வீட்டு மதில், முன்னால் கிணறு. விழுத்த இடமில்லை. சாரனை மடித்துக் கட்டிய ஒருவர் மேலே ஏறுகிறார். ஒவ்வொரு கொப்பிலும் நுனிப்பக்கம் ஒரு கயிறு, கிளைக்கவட்டில் சுற்றிய இன்னொரு கயிறு. கீழே நிற்கிறவர் கயிற்றைத் தளர்த்தத் தளர்த்தக் கொப்பு தொங்கியபடி இறங்குகிறது. கடைசியில் மொட்டையாக நிற்கும் அடிமரம்தான் பலகைக்குரியது. விழவேண்டிய பக்கத்தில் ஆப்புவடிவில் ஒரு வாய் எடுத்து, எதிர்ப்பக்கம் சற்று மேலாக வாளைப் போட்டு, நடுவில் இரண்டு விரல் அகலம் மரத்தை வெட்டாமல் விடுகிறார்கள். அந்த இரண்டு விரல்தான் கதவுக்குப் பிணைச்சல் எப்படியோ அப்படி மரத்தைத் திசைமாறாமல் இறக்குகிறது. அதையும் வெட்டிவிட்டால் மரம் தன் விருப்பத்துக்கு விழும்.

பிழை பெரும்பாலும் அடுத்த நிமிடத்தில் நடக்கிறது. ஏற்றுவதற்கு வசதியாக அடிமரத்தை நான்கடி, ஐந்தடித் துண்டுகளாக்கிவிடுகிறார்கள். நிலைக்கால் ஏழடிக்குக் குறையாது. நான்கடித் துண்டு வந்த கணமே அந்த மரம் நிலைக்கு உதவாமல் போய்விட்டது. வாளைத் தொடுமுன் ஓடாவியைக் கூப்பிட்டு எத்தனை அடியில் துண்டுபோடுவது என்று கேட்பதற்குச் செலவேதும் இல்லை. காற்றில் விழுந்த மரத்துக்கு இன்னோர் எச்சரிக்கை வேண்டும். வேரோடு சாய்ந்து வளைந்து கிடக்கும் மரம் உள்ளே இழுபட்டு நிற்கும். தவறான பக்கம் வாள் போட்டால் வெடித்துப் பிளந்து ஆளை அடிக்கும், வேர்க்கட்டை திரும்பிக் குழிக்குள் விழும்.

அளப்பதும் அரிவதும்

குற்றியை விற்கிறவர் அறிந்திருக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மர வியாபாரத்தில் பழகிவந்த முறை சுற்றளவின் நாலிலொன்றைச் சதுரமாக எடுத்து நீளத்தால் பெருக்குவது. நடுச்சுற்று 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் நாலிலொன்று 12 அங்குலம், அதாவது ஓரடி. ஒன்றை ஒன்றால் பெருக்கிப் பத்தால் பெருக்க 10 கனஅடி. உண்மையில் அந்த உருளைக்குள் இருப்பது ஏறக்குறைய 12.7 கனஅடி. மேலதிகமான 2.7 கனஅடி வாள்தூளுக்கும் புறப்பட்டைக்குமென்று வாங்குகிறவருக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது. முறை நியாயமானதே. ஆனால் நிற்கும் மரத்தைக் கண்மதிப்பில் 'இவ்வளவு தாறன்' என்று பேசி முடிக்கிறவர்கள் இந்தக் கணக்குக்கே வருவதில்லை.

முன்னர் அரிவு வாள்கிடங்கில் நடந்தது. குழிக்கு மேல் குற்றியைக் கிடத்தி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று நீளவாளை இழுப்பார்கள். கறுப்பு நூலடித்த கோட்டை மேலாள் பார்ப்பார். கண்ணில் தூள் விழுவது கீழாளுக்கு. நாளெல்லாம் இழுத்தாலும் சில பலகைகள்தான், ஆனால் மரத்தை வாசித்து அரியும் வேலை அது. பின்னர் வட்டவாளும், பேண்ட் சோ எனப்படும் நாடாவாளும் ஆலைகளுக்கு வந்தன. இன்று செயின் சோவுக்கு ஒரு சட்டம் பொருத்தி, ஏணி ஒன்றை வழிகாட்டியாக வைத்து, மரம் விழுந்த இடத்திலேயே பலகை அரியலாம். லொறி நுழையாத ஒழுங்கைக்கு இது பெரிய வசதி. இதற்குச் சங்கிலிப் பல்லை வேறு கோணத்தில் தீட்டவேண்டும்: குறுக்கு வெட்டுக்கு 30 பாகை அளவில் இருக்கும் பல், நீள அரிவுக்குப் பத்துப் பாகை அளவில் இருந்தால்தான் முகம் மழமழப்பாக வரும்.

வசதிக்கு விலையும் உண்டு. செயின் சோ ஒரு வெட்டில் தின்பது ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். நாடாவாள் 2 அல்லது 3. ஒரு குற்றியில் பத்து வெட்டுப் போட்டால் முதலாவது 9 சென்ரிமீற்றர் மரத்தைத் தூளாக்குகிறது, இரண்டாவது இரண்டரை. வித்தியாசம் இரண்டு ஓரங்குலப் பலகைக்கு மேல். பலாவும் முதிரையும்போன்ற விலை மரத்தை ஆலைக்கு ஏற்றுவதே லாபம். மாவையும் வாகையையும் வளவிலேயே அரியலாம்.

ஆலைக்காரர் வளவு மரத்தைக் கண்டு தயங்க இன்னொரு காரணம் இரும்பு. வேலிக்கு அடித்த ஆணி, கொடிக்கயிறு கட்டிய கொளுக்கி, மரம் வளர்ந்து விழுங்கிவிட்ட முள்ளுக்கம்பி, போர்க்கால ரவை. ஒரு ஆணி போதும், நாடா அறுந்துவிடும். நிலத்திலிருந்து ஆளுயரத்துக்கு உட்பட்ட பகுதியிலேயே இவை கூடுதலாக இருக்கும். வெட்டுமுகத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று கொள்ளலாம். விலை குறைந்த உலோகங்காட்டி ஒன்று இந்தப் பயத்தைத் தீர்க்கும்.

எந்த மரத்தை எதற்கு என்பதை ஓடாவிகள் நன்றாக அறிவார்கள். பலாவின் மஞ்சள் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. நிலைக்கும் கதவுக்கும் அதுவே முதல். வேம்பு நிலைக்கும் அலுமாரிக்கும் உதவும். பூவரசு வண்டிலுக்கும் வளைந்த தோணிக்காலுக்கும் போனது. புளி பிளக்காது, ஆகவே இறைச்சிக்கடைக் கட்டை. மாமரத்தில் வைரம் குறைவு. கொங்கிறீற் பலகைக்கும் பெட்டிக்கும் என்று ஒதுக்கிவைத்தார்கள். ஆனால் மாமரத்தைப் பூச்சிமருந்தூட்டிக் காயவைத்தால் மேசைக்கும் கட்டிலுக்கும் நல்ல மரம்.

காற்றுக்கும் மாரிக்கும் நடுவே

பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர் என்றாலும் மிகையில்லை. ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை பூஞ்சணம் பிடிக்கும். இறங்கும்போது மரம் சுருங்குகிறது; வளையத்தைச் சுற்றிச் சுருங்குவது மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை ஓடுபோல் வளைவதற்கும் நடுமையம் விழுந்த பலகை பிளப்பதற்கும் இதுதான் காரணம். நடுமையத்தை ஒரு துண்டாக ஒதுக்கி அரிகிற ஓடாவி காரணமில்லாமல் அப்படிச் செய்வதில்லை.

கிழக்குக் கரையின் காலநிலை இதில் இருமுனைக் கத்தி. ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் வீசும். வரண்ட, சூடான காற்று. வெயிலில் போட்ட பச்சைப் பலகையின் நுனியை அது ஓரிரு நாளில் வெடிக்கவைத்துவிடும். ஐப்பசிக்குப் பின் மாரி. அப்போது அடுக்கிய மரம் காயாது, நீலம் பாயும். மாசி, பங்குனியில் அரிந்து நிழலில் அடுக்கினால் கச்சான் வருமுன் மேல் ஈரம் போய்விடும், கச்சான் மீதியை உறிஞ்சும், மாரிக்கு முன் ஓரங்குலப் பலகை வேலைக்கு வந்துவிடும்.

அடுக்குவதற்குப் பெரிய செலவு இல்லை. நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல் வைத்து, பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரே தடிப்பான காய்ந்த சிலாகைத் துண்டுகளை, ஒன்றுக்கு நேர்மேல் ஒன்று வரும்படி, இரண்டடிக்கு ஒன்றாக வைக்கவேண்டும். துண்டுகள் நேர்கோட்டில் இல்லாவிட்டால் பலகை அலை அலையாகக் காயும். நுனிகளில் மிஞ்சிய பெயின்றைப் பூசவேண்டும். மேலே தகரமும் தகரத்துக்கு மேல் பாரமும். உளுக்கக்கூடிய மரமென்றால் அரிந்த அன்றே வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் தோய்த்து எடுக்கலாம். பச்சை மரத்துக்குள் அது தானாக ஊறும். மழை பட்டால் கழுவிப்போகும் என்பதால் வீட்டுக்குள் பாவிக்கும் மரத்துக்கே இது பொருந்தும்.

இந்த எளிய மருந்து ஒரு மரத்தின் தலைவிதியையே மாற்றியிருக்கிறது. பால் வற்றிய இறப்பர் மரம் ஒருகாலம் வெறும் விறகு. போரன் மருந்தும் காய்ச்சல் அறையும் வந்தபின், 1980களில் மலேசியாவின் தளபாட ஏற்றுமதியே அதன்மேல் நின்றது. இன்று மாவையும் தென்னையையும் நாம் பார்க்கும் கண்ணோட்டம், அன்று இறப்பரை உலகம் பார்த்ததுதான்.

கவனிக்காமல் விட்ட தென்னை

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி கல்முனைப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. 915 பேர் இறந்ததாகவும் ஏறக்குறைய 2,50,000 வீடுகள் சேதமுற்றதாகவும் பதிவுகள் சொல்கின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் சுமார் 28,000 ஏக்கர் தென்னையில் 90 சதவீதம் அழிந்தது. விழுந்த தென்னை கிடந்து உக்கினால் அதில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; பெருகிய வண்டு நின்ற தென்னையின் குருத்தைத் தின்னும். ஆகவே விழுந்த மரத்தை அரிந்து எடுப்பது வருமானத்தோடு மீதி மரங்களுக்கான பாதுகாப்பும்.

தென்னையை அரியும் அறிவு அப்போதே உலகில் உருவாகிக்கொண்டிருந்தது. 1976இல் தொங்கா தீவில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு கூடிற்று; பிலிப்பைன்சின் சம்போவாங்காவில் ஆராய்ச்சி நடந்தது. அதன் சாரம் எளிது. தென்னைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. வெளிவட்டம் கனமீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல். தீராந்திக்கும் கைமரத்துக்கும் தரைப்பலகைக்கும் அது போதும். 400க்கும் 600க்கும் இடைப்பட்டது உட்சுவருக்கும் சிலாகைக்கும். 400க்குக் கீழே உள்ள நடுப்பகுதி பாரம் தாங்காது. ஆகவே குற்றியைச் சுழற்றிச் சுழற்றி வெளிப்புறத்தை மட்டும் அரியவேண்டும். முதிய மரத்தின் அடிப்பாதியே உகந்தது. வாளின் பல்லைத் தென்னை விரைவில் மழுங்கடிக்கும். காபைட் நுனி வைத்த பல் வேண்டும். இனிப்பான பால் இருப்பதால் அரிந்த அன்றே மருந்து போடவேண்டும். பனையை அரியும் முறையும் ஏறக்குறைய இதுதான். நமது கூரைகளில் பனங்கைமரம் எத்தனையோ தலைமுறை நின்றதை அறிந்தவர்கள் இதைப் புதுமை என்று சொல்லமாட்டார்கள்.

உடல்

இந்த வேலையில் உடலுக்கு வரும் கேட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. மரத்தூளை 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. முதிரைத்தூள் தோலில் அரிப்பும் புண்ணும் கொண்டுவரும் என்பது பழைய ஓடாவிகளுக்குத் தெரிந்ததே. செருப்பும் சாரனுமாகச் செயின் சோ பிடிப்பது இங்கே சாதாரணம். சப்பாத்து, கண்ணாடி, முகமூடி, காதடைப்பான் நான்கும் ஒரு வெட்டுக்கூலியின் சிறுபகுதிதான்.

ஊர் செய்யக்கூடியது

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கரையோரத்துக்கு உடனடியாக வேண்டியது புதிய காடோ பெரிய ஆலையோ அல்ல, பொதுவான ஓர் அடுக்குக் கொட்டகை. தனி வீட்டில் பலகையை எட்டு மாதம் அடுக்கிவைக்க இடமில்லை, வளவு பங்குபோடப்பட்டுவிட்டது. பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர் சபைகளிடம் காணி இருக்கிறது, கணக்கு வைக்கும் பழக்கம் இருக்கிறது, ஊரின் நம்பிக்கை இருக்கிறது. ஒரு கூரை, மருந்துத் தொட்டி, ஒரு பதிவேடு. மரம் கொண்டுவருகிறவர் பங்கைப் பலகையாக வைக்கட்டும், அல்லது காய்ந்த பலகையை இன்றே எடுத்துக்கொண்டு பச்சை மரத்தை விட்டுப்போகட்டும். இந்த மாற்று முறை கலியாணத் தேதிக்கும் மரத்தின் தேதிக்கும் இடையிலான இழுபறியை நேரடியாகத் தீர்க்கும். கபுறுப் பலகைக்கான மரத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

அத்தோடு மரம் நடுவது சதகா என்று குத்பாவில் கேட்காதவர் இல்லை. நடுகிற கன்றை எந்த மூலையில், எந்த மகளின் பங்கில், மின்கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி என்று யோசித்து நட்டால், பத்தாம் வருடம் மொட்டையடிக்க வேண்டியிராது. இளமையில் பக்கக் கொப்பைக் கழித்துவிட்டால் எட்டடி நேர்மரம் கிடைக்கும்.

இவை எதற்கும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மகளின் கலியாணத்துக்கு இரண்டு வருடம் இருக்கிறதென்றால், கல் வாங்குவதற்கு முன் பலாவுக்கு அனுமதி எடுங்கள். ஓடாவியிடம் நீளம் கேட்டுத் துண்டுபோடுங்கள், பங்குனிக்குள் அரிந்து அடுக்குங்கள். அத்திவாரம் வெட்டும் நாளில் நிலைக்குரிய மரம் காய்ந்து தயாராக இருக்கும். வீட்டுச் செலவில் மரக்காலைக்குப் போகவிருந்த பணம் கையில் மிஞ்சும்.